நாற்பத்தெட்டில் ஒருத்தி

எங்கள் ஊரில் தினம் ஒருவருக்குக் கொம்பு முளைக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் "ஏன்" என்று கேட்பார்கள். நாங்கள் "இன்னைக்கு யாருக்கு" என்று மட்டும்தான் கேட்போம், அதுவும் பல் விளக்கி முடித்த பிறகுதான்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது ஆரம்பித்தது. குளத்து மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிற பொன்னுத்துரை மாமா காலையில் எழுந்து தலைத்துண்டைக் கட்டப் போக, துண்டு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டு நிற்கவே மாட்டேன் என்க, என்னடா இது என்று தடவிப் பார்த்தால் ஒன்றரை வயதுக் கிடாரிக்கு இருக்குமே அப்படி, ஒரு சாண் நீளத்தில், இரண்டு பக்கமும் நூல் பிடித்து நட்ட மாதிரி இரண்டு கொம்பு. பொழுது சாய்ந்ததும் இரண்டும் கருவேப்பிலைக் காம்பு போல உதிர்ந்து, தரையில் பட்டதும் சாம்பலாகிவிட்டன. மறுநாள் அஞ்சலை வீட்டுக் கடைக்குட்டிக்கு. அதற்கடுத்த நாள் எனக்கு.

மொத்தம் பதிமூன்று வீடு, நாற்பத்தெட்டு பேர் இருக்கிற ஊர் எங்கள் சிறுமடைக்குளம். இத்தனூண்டு ஊரில் ஒரு விஷயத்துக்கு எத்தனை நாள்தான் ஆச்சரியப்பட முடியும்? முதல் வாரம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து கொம்புக்காரர்களுக்குப் பிரஷர் பார்த்தார், எல்லாருக்கும் சரியாக இருந்தது, அவருக்குத்தான் கொஞ்சம் கூடியிருந்தது. இரண்டாம் வாரம் சாமியைக் கேட்போம் என்று சாமியாடியை உடுக்கடித்து ஆட வைத்தார்கள். அன்றைக்குக் கொம்பு அவருக்கே முளைத்திருந்தபடியால் ஆடுகிற ஆட்டத்தில் பந்தல் தட்டியைக் குத்திக் கிழித்துவிட்டு, "எனக்கே தெரியலை, என்னை ஏன்டா கேக்கிய" என்று சாமி மலையேறிவிட்டது. மூன்றாம் வாரம் பாத்திர வியாபாரி ஒருவர் மழைக்கு ஒதுங்கி ஊரில் படுத்தவர், விடிந்ததும் கொம்போடு எழுந்து, அதே கொம்பில் நாலு குடத்தை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு வியாபாரத்துக்குப் போனார். அதிலிருந்துதான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது: அன்றைக்கு ஊர் எல்லைக்குள் படுத்து எழுந்தவர் யாராயிருந்தாலும் கணக்கில் உண்டு. பிறந்தவர், வந்தவர், கிழம், குஞ்சு என்ற பேதமே கிடையாது. பஞ்சாயத்து அலுவலகத்தில்கூட இந்த நியாயம் கிடைக்காது.

அதற்குப் பிறகு கொம்பு எங்கள் அன்றாடப் பாட்டோடு ஒரு பாடாகிவிட்டது. கொம்பு முளைத்த அன்றைக்கு விறகுக்கட்டு தலையில் ஆடாமல் நிற்கும் என்று கண்டுபிடித்தது நான்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையை அதில் மாட்டிக்கொண்டு கையை வீசிக்கொண்டு போனார்கள். என் மகனுக்கு ஏழாம் மாதத்தில் முளைத்தபோது இரண்டும் பச்சை மிளகாய் அளவுதான் இருந்தது, ஆனால் பால் குடிக்கும்போது குத்திய குத்து எனக்குத்தான் தெரியும். அவன் காலுறையையே கழற்றிக் கொம்புக்கு ஒன்றாக மாட்டிவிட்டேன், அதற்குப் பிறகு அவனும் சிரித்தான் நானும் சிரித்தேன். மாட்டுப் பொங்கலன்றைக்குக் கொம்பு முளைத்தது என் மாமியாருக்கு. ஊரே சேர்ந்து அத்தைக்குச் சிவப்பும் நீலமுமாக வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு, வாயில் கரும்பைக் கொடுத்தது. அன்று முழுக்கக் கட்டிலை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த அத்தை, "இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தி நாலு வருசம் ஆச்சு, இன்னைக்குத்தான் ஒருத்தன் எனக்கு மாலை போட்டிருக்கான்" என்று மாமனார் காதில் விழுகிற மாதிரி நாலு தடவை சொன்னாள்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உலகத்தில் எது வந்தாலும் முறையாகத்தான் வரவேண்டும். குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும்: இன்று உன் வயல், நாளை என் வயல், கடைசி ஆள் வயல் நனைகிற வரைக்கும் முதல் ஆள் மறுபடி மடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. கோயில் பொங்கல் முறை, ஆடு மேய்க்கிறது முறை, தெருக்குழாய் மண்டையை மாற்றுவது முறை. ஆகவே கொம்பும் முறைதான் என்று பொன்னுத்துரை மாமா முடிவு கட்டி, தண்ணீர் முறை எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நாற்பத்தெட்டு பேர் பெயரையும் எழுதி, முளைக்க முளைக்க டிக் போட்டுக்கொண்டு வந்தார்.

அவருக்கே எட்டுத் தடவை முளைத்தது. "எட்டு மரக்கால் வெதைப்பாடு வயலு வச்சிருக்கேன்லா, எட்டு முறை வரத்தான் செய்யும்" என்றார். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அஞ்சலை மகனுக்கு ஒன்பது தடவை முளைத்ததே என்று நான் கேட்டதற்கு, "அவன் தாத்தா வித்த வயலோட முறை அது. வயல்தான் போகும், முறை போகாது" என்றார். எந்தக் கேள்வியைப் போட்டாலும் ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டு வழியச் செய்கிற மனிதர்.

இதில் மாட்டிக்கொண்டது என் நாத்தனார் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தோரு வயது. ஜாக்கெட் தைப்பாள், தைத்துக்கொண்டே பேசுகிற பேச்சில் ஊசியைவிட நாக்குக் கூர்மை. கார்த்திகையில் அவளுக்கு ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை அழகுமுத்து, கல்லூத்துக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லாரும் கொம்பு எப்படி வருகிறது, எதற்கு வருகிறது, யார் செய்த பாவம் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் தங்கபுஷ்பத்திடம், "வந்தா வலிக்குமா?" என்று கேட்டார். அவள் உள்ளே வந்து என்னிடம், "மைனி, இந்த ஆளைக் கெட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாளுக்குத்தான் மனசில்லை. பிள்ளைக்காக ஒத்துக்கொண்டவள், ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: தாலி ஏறுகிற அன்றைக்குப் பெண் தலையில் கொம்பு இருக்கக் கூடாது. வீடியோ எடுப்பார்கள், துபாயில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள்.

தை மாதத்தில் கல்யாணம் என்று பேசியபோது பொன்னுத்துரை மாமா நோட்டைப் புரட்டினார். இன்னும் முறை வராதவர்கள் ஏழு பேர், அதில் தங்கபுஷ்பம் ஒருத்தி. "அவ முறை வந்து கழியட்டும், பொறவு வைப்போம்" என்றார், தள்ளிவைத்தோம். பங்குனியில் பார்த்தால் மூன்று பேர் பாக்கி, அதிலும் அவள் ஒருத்தி, தள்ளிவைத்தோம். சித்திரை முடியும்போது நாற்பத்தேழு பேருக்கு டிக் விழுந்து, தங்கபுஷ்பம் பெயருக்கு நேரே மட்டும் வெள்ளைத்தாள் பளபளவென்று இருந்தது. குருவம்மாள் போனில் சொல்லிவிட்டாள்: "வைகாசி பன்னெண்டு. அதுக்கு மேல என்னால ஆகாது. அன்னைக்குக் கல்யாணம் இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுதோம். அன்னைக்கு அவ தலையில கொம்பு இருந்தாலும் வேற எடந்தான்."

ஊர் கூடியது. எல்லாருக்கும் ஒரே நிச்சயம்: முறை வராமல் இருக்கிறவள் இவள் ஒருத்திதான், எனவே இனிமேல் வருவது இவளுக்குத்தான், அதுவும் சரியாக வைகாசி பன்னிரண்டுதான். தண்ணீர் முறை என்றைக்காவது நமக்குத் தோதான நாளில் வந்திருக்கிறதா?

எனக்குப் பத்தாம் வகுப்புவரைக்கும்தான் படிப்பு. கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பாடம் நிகழ்தகவு. எல்லாரும் விட்டுவிடுகிற பாடம், ஆனால் அதில் ஒரு ஐந்து மார்க் கேள்வி கட்டாயம் வரும் என்பதால் நான் மனப்பாடமாகப் படித்திருந்தேன். பையில் இத்தனை பந்து, சிவப்பு இத்தனை, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் சிவப்பு வருவதற்கு என்ன வாய்ப்பு. நமக்கு வேண்டியது எத்தனையோ அதை மேலே போடு, மொத்தம் எத்தனையோ அதைக் கீழே போடு. அவ்வளவுதான் பாடம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்கு உதவப்போகிறது என்று தெரிந்ததும், மொச்சை அவித்த சட்டியையும் மஞ்சள் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"இதுல நாப்பத்தெட்டு மொச்சை இருக்கு. ஒண்ணுல மட்டும் மஞ்சள் தடவியிருக்கேன், அது நம்ம தங்கபுஷ்பம். மாமா, பாக்காம ஒண்ணை எடுங்க."

பொன்னுத்துரை மாமா எடுத்தார். மஞ்சள் இல்லாதது. வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமா, அதைத் திருப்பிச் சட்டியில போடணும்."

"கடிச்சதையா?"

"தின்னக் கூடாது மாமா. எடுத்தது மறுபடி உள்ள போகும். உங்களுக்குக் கொம்பு வந்த மறுநாளும் நீங்க ஊர்லதான இருந்தீங்க? சட்டியை விட்டு எங்க போனீங்க? அதனாலதான் உங்களுக்கு எட்டுத் தடவை வந்துச்சு. ஒவ்வொரு நாளும் சட்டியில நாப்பத்தெட்டும் இருக்கு. தங்கபுஷ்பத்துக்கு ஒவ்வொரு நாளும் நாப்பத்தெட்டுல ஒண்ணுதான் வாய்ப்பு. இத்தனை நாளு வரலைங்கிறதுக்காக நாளைக்குக் கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. அது வரட்டும்னு காத்துக்கிடந்தா நாளைக்கும் வரலாம், அடுத்த தீவாளிக்கும் வராம இருக்கலாம். இவ அதுவரைக்கும் ஜாக்கெட்டே தச்சுக்கிட்டு இருக்கணுமா?"

மாமா இன்னொன்றை எடுத்தார். அதையும் தின்றார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

அத்தையும் எடுத்தாள், அஞ்சலையும் எடுத்தாள். எடுத்தது எதுவும் திரும்பி உள்ளே போகவில்லை. எங்கள் ஊரில் வாய்க்குள் போனதைத் திருப்பிப் போடுகிற பழக்கம் இல்லை. கடைசியில் சட்டியில் மஞ்சள் மொச்சை ஒன்று மட்டும் கிடந்தது. "பாத்தியா கனி, இவதான் பாக்கி. நாங்க சொன்னதத்தான் நீ சட்டியில வச்சுக் காட்டியிருக்க" என்றார் மாமா. கூட்டம் கலைந்தது. தங்கபுஷ்பம் வந்து அந்தக் கடைசி மொச்சையை எடுத்து அவளே தின்றுவிட்டு, "மைனி, நாப்பத்தெட்டுல ஒண்ணுன்னா பயப்படணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"பெருசா பயப்பட வேண்டாம்."

"கொஞ்சம்?"

"கொஞ்சம்."

அவளை முந்தின நாளே எல்லைக்கு வெளியே என் அம்மா வீட்டில் படுக்க வைத்துவிடலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. படுத்து எழுவது அங்கே என்றால் வாய்ப்பு பூஜ்யம். ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பெண்ணுக்குக் காப்புக் கட்டிவிட்டால் தாலி ஏறும்வரை அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அத்தை முடியவே முடியாது என்றாள். குருவம்மாளைப் போனில் கேட்டால், "காப்புக் கெட்டுன பொண்ணு எல்லை தாண்டுனா எனக்கு வேண்டாம்" என்றாள். கார்த்திகையிலிருந்து சம்பந்திகள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அன்று சாயங்காலம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வெளிச்சம் வந்தது. மேலே இருக்கிற ஒன்றை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அது தங்கபுஷ்பம். கீழே இருக்கிற நாற்பத்தெட்டை யார் தடுத்தது? முந்தின நாள் ஊரில் எத்தனை பேர் படுக்கிறார்களோ அத்தனை பேர் சட்டியில். ஆள் கூடக்கூட அவளுக்கு வாய்ப்பு குறையும்.

என் வீட்டுக்காரர் மாசானத்திடம் சொன்னேன். "கல்யாணத்துக்கு எல்லாரும் காலையில வருவாவ. நம்ம கல்யாணத்துக்கு எல்லாரும் முந்தின நாளே வந்து படுக்கணும்."

"எத்தனை பேரு?"

"வர்ற அத்தனை பேரும்."

"படுக்க எடம்?"

"வானம் எவ்வளவு பெருசா இருக்கு."

அதற்குப் பிறகு பத்து நாள் நான் ஆள் பிடித்த மாதிரி எந்தக் கட்சிக்காரனும் பிடித்திருக்க மாட்டான். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள், மகளிர் குழு மூன்று, நையாண்டி மேளக்காரர்கள், சமையல்காரர்கள், என்னோடு பத்தாம் வகுப்பில் படித்தவர்களில் பாஸானவர்கள், ஃபெயிலானவர்கள். எல்லாருக்கும் ஒரே பயம்: எங்கள் ஊரில் படுத்தால் கொம்பு முளைத்துவிட்டால்? எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: "இருநூறு பேருக்கு மேல படுக்கப்போறாவ, அதுல ஒருத்தருக்குத்தான். அது நீங்களா இருக்குமா?" அவர்கள் யோசித்துவிட்டு, இருக்காது என்றார்கள். இருநூற்றுச் சொச்சம் பேரும் தனித்தனியாக, அந்த ஒருத்தர் தாங்கள் இல்லை என்று நிச்சயமாகச் சொன்னார்கள். யாருக்காவது கட்டாயம் முளைக்கும் என்று தெரிந்தும் அப்படி நம்புகிற மனுஷ மனசை என்ன சொல்ல, அது இருந்ததால்தான் எனக்குக் கூட்டம் சேர்ந்தது.

மாப்பிள்ளை வீட்டாரையும் முந்தின நாளே வரவழைத்தேன். வைகாசி பதினொன்று சாயங்காலம் பாய்களைக் கணக்குப் பார்த்து, தலைகளை எண்ணினேன். இருநூற்று நாற்பது. கர்ப்பிணி ஒருத்தியை ஒன்றாக வைப்பதா இரண்டாக வைப்பதா என்று ஒரு சர்ச்சை வந்து, ஒன்றாகவே வைத்தேன். கணக்கில் நமக்குச் சாதகமாகத் திருடக் கூடாது. நாற்பத்தெட்டில் ஒன்றாக இருந்ததை இருநூற்று நாற்பதில் ஒன்றாக்கிவிட்டேன், ஐந்து மடங்கு. அத்தைக்கு அதெல்லாம் ஏறவில்லை, காலையில் ஆளுக்கு நாலு இட்லி என்றால் எத்தனை என்கிற கணக்கிலேயே அவள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் மருதாணிக் கையோடு என்னைப் பார்த்து, "இவ்வளவு பேரைக் கூட்டிட்டு வந்திய மைனி. மேல இருக்கிற அந்த ஒண்ணை மட்டும் எடுக்க முடியலை, என்ன?" என்றாள்.

"எடுத்தா மணவடையில யாரு உக்காருவா?" என்றேன்.

விடிந்தது. இருநூற்று நாற்பது பேரும் பாயில் எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாகத் தலையைத் தடவினார்கள். பார்க்க ஊரே சேர்ந்து பேன் பார்க்கிற மாதிரி இருந்தது. தடவியவர்கள் சிரித்தார்கள், பக்கத்து ஆள் தலையைப் பார்த்தார்கள், அவரும் சிரித்தார். குருவம்மாள் தன் தலையை இரண்டு கையாலும் மூன்று தடவை தடவிவிட்டு, பிள்ளை தலையையும் ஒரு தடவை தடவினாள். வீடுவீடாகச் சிரிப்பு போய்க்கொண்டே வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது, ஏனென்றால் உள்ளே நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

தங்கபுஷ்பம் தலையில், பூ வைப்பதற்காக எடுத்த வகிட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூட. ஏழு மாதத்தில் ஊரில் யாருக்கும் அவ்வளவு அழகாக முளைத்ததில்லை என்று இன்றைக்கு நிதானமாகச் சொல்லலாம்.

பொன்னுத்துரை மாமா வாசலிலேயே நின்று நோட்டைத் திறந்து டிக் போட்டார். "நாப்பத்தெட்டும் பூர்த்தி" என்றார். என்னைப் பார்த்து, பாவம் பிள்ளை என்கிற மாதிரித் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டைச் சாம்பார் அண்டாவில் போட்டிருப்பேன். என் கணக்கு சரி, அவர் கணக்கு தப்பு. ஆனால் கொம்பு அவர் பக்கம் நிற்கிறது. இருநூற்று நாற்பதில் ஒன்று என்றால் வராது என்று அர்த்தமில்லை, இருநூற்று நாற்பதில் ஒன்று என்றுதான் அர்த்தம், இதை நானே பத்து நாளாக மறந்துவிட்டிருந்தேன்.

குருவம்மாள் வந்தாள், பார்த்தாள், திரும்பினாள். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அத்தை கையைப் பிசைந்தாள். "சம்பந்தி, சாயந்தரம் உதுந்துரும். சாயந்தரம் வச்சுக்கிடலாம்."

"சாயந்தரம் முகூர்த்தம் கெடையாது. நான் கார்த்திகையிலேயே சொன்னேன், இப்பமும் அதத்தான் சொல்லுதேன்."

அழகுமுத்து பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மகனை மாசானத்திடம் கொடுத்துவிட்டுக் குருவம்மாள் வழியில் போய் நின்றேன். நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் முறை, அவர் அம்மா எனக்குப் பெரியம்மா. அந்த உரிமையில் கேட்டேன்.

"பெரியம்மா, ஒண்ணு மட்டும் கேக்கேன். அண்ணனுக்கு இதுவரைக்கும் எத்தனை பொண்ணு பாத்துருக்கிய?"

"அது உனக்கு எதுக்கு?"

"முப்பத்தேழு" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "இது முப்பத்தெட்டாவது. அத்தனைக்கும் நான்தான் கூடப் போனேன். கால் தேஞ்சு போச்சு."

"அந்த முப்பத்தேழு பேருல யாருக்காவது கொம்பு இருந்துச்சா மாமா?"

"இல்லையே."

"சரின்னு சொன்னது எத்தனை பேரு?"

தாய்மாமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஒருத்தியும் இல்லை" என்றார்.

"கேட்டுக்கிடுங்க பெரியம்மா. கொம்பு இல்லாத பொண்ணு சரின்னு சொல்றதுக்கு வாய்ப்பு முப்பத்தேழுல பூஜ்யம். கொம்புள்ள பொண்ணு ஒருத்தியத்தான் பாத்திருக்கிய, அவ சரின்னு சொல்லியிருக்கா. ஒண்ணுல ஒண்ணு. பத்தாங்கிளாஸ் கணக்குல இதுக்கு மேல நம்பிக்கை கெடையவே கெடையாது."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். குருவம்மாள் என்னையே பார்த்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன்.

அப்போது தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். நிலைப்படியில் கொம்பு இடிக்காமல் இருக்க, பழக்கமில்லாதவள், தலையைக் குனிந்து பக்கவாட்டில் திருப்பி வந்தாள். "மைனி சொல்லுத கணக்குல ஒரு தப்பு இருக்கு. நான் இன்னும் சரின்னு சொல்லலை" என்றாள். "கார்த்திகையில சொன்னேன். அப்பம் எனக்குக் கொம்பு கெடையாது. இப்பம் திரும்பக் கேக்கணும். இதோட உக்காரச் சொன்னா உக்காருதேன். இது உதுரட்டும், பொறவு பாப்போம்னு சொன்னா, நான் இட்லி சாப்பிடப் போறேன், நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

மேளக்காரர் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குச்சியை மூக்கில் தேய்த்துக்கொண்டார். அழகுமுத்து அவள் கிட்டே போய், முகத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிப் பொன்னுத்துரை மாமாவிடம், "இதை எப்படிப் போடணும்? மாட்டிக்கிடாதா?" என்று கேட்டார்.

"முடிச்சை அவுத்துட்டுக் கழுத்தோட சுத்திப் பின்னால கெட்டணும் மாப்பிள்ள. காளைக்கு அப்படித்தான் போடுவோம்" என்றார் மாமா.

"அம்மா, நேரமாவுது" என்றார் அழகுமுத்து. முப்பத்தாறு வயதில் அவர் தன் அம்மாவிடம் சொன்ன முதல் உத்தரவு அது என்று தாய்மாமன் பிற்பாடு சொன்னார்.

தாலி கட்டக் குனிந்தபோது வலது கொம்பு மாப்பிள்ளை கன்னத்தில் ஒரு கோடு போட்டது. கட்டின பிறகு தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பால் அதை ஒற்றினாள், வீடியோக்காரர் அதை மட்டும் மூன்று தடவை எடுத்தார். குருவம்மாள் அட்சதையை எறிந்தாள், அதில் ஆசீர்வாதம் கால் பங்கு, கோபம் முக்கால் பங்கு இருக்கும். இட்லி இருபது குறைந்துவிட்டது. அவ்வளவுதான் கல்யாணம்.

வந்தவர்கள் எல்லாரும் சாயங்காலமே போய்விட, பெண் மாப்பிள்ளையோடு குருவம்மாளும் நாலு பேரும் மட்டும் தங்கினார்கள். மறுநாள் காலையில் மாமா புதுப் பக்கம் எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, இனி இரண்டாம் சுற்று, தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தேழு பேருக்குப் பிறகுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். தங்கபுஷ்பம்தான் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலையில் மறுபடியும் இரண்டு கொம்பு, நேற்று இருந்த அதே இடத்தில்.

ஊரில் அன்று படுத்து எழுந்தது ஐம்பத்து நாலு பேர். இருநூற்று நாற்பதில் ஒன்று, அதன் மேல் ஐம்பத்து நாலில் ஒன்று. அடுப்புக் கரியால் சுவரில் பெருக்கிப் பார்த்தேன், பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் ஒன்று. "மாமா, எங்க போச்சு உங்க முறை? நேத்து முளைச்சவளுக்கு இன்னைக்கும் முளைச்சிருக்கே. எடுத்ததைத் திருப்பிப் போடுதுன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டபோது ஏழு மாதப் பாரம் என் தோளிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது.

மாமா காப்பியை ஆற்றினார், குடித்தார், டம்ளரைக் கவிழ்த்தார். "மாப்பிள்ளை இப்பம் நம்ம ஊர்க்காரருலா. அவரும் ஒரு ஆள் ஆயாச்சு. இது அவர் முறை, பொண்டாட்டி வாங்கிக்கிட்டா" என்றார். நாற்பத்தொன்பதாவதாக அழகுமுத்து பெயரை எழுதி டிக்கும் போட்டார்.

மத்தியானம் பன்னிரண்டரை பஸ்ஸுக்கு அவர்களை அனுப்பிவைக்கப் போனோம். பொழுது சாய்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாமே என்று அத்தை கெஞ்சினாள். குருவம்மாள், நல்ல நேரம் ஒன்றரைக்குள் வீட்டுக்குள் கால் வைக்கணும் என்று ஒரே பிடியாக நின்றாள். தங்கபுஷ்பம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொம்புக்கு இடம் விட்டு அழகுமுத்து நின்றுகொண்டார். கண்டக்டர் வெளியூர்க்காரர் போல, டிக்கெட்டைக் கிழிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது..." என்று ஆரம்பித்தார்.

"என் மருமக தலையில இருக்கிறது உமக்கு என்னத்துக்கு? கல்லூத்து ஏழு டிக்கெட்டு குடுத்துட்டுப் போவும்" என்றாள் குருவம்மாள்.

பஸ் கிளம்பியது. தங்கபுஷ்பம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எனக்குக் கை காட்டினாள். வளைவில் திரும்புகிற வரைக்கும் அவள் காட்டிக்கொண்டே இருக்க, உள்ளேயிருந்து ஒரு வளையல் கை வந்து அவள் கொம்பைப் பிடித்தது. பஸ் சத்தத்தையும் மீறிக் குருவம்மாள் குரல் எங்களுக்குக் கேட்டது.

"ஏட்டி, கொம்பை உள்ள இழு. எதுத்தாப்புல லாரி வருது."